திரைக்குப் பின்னால் சொன்ன சம்மதம்

உங்கள் கல்யாணத்தன்று, "சம்மதமா?" என்று கேட்டபோது வாய் திறந்து பதில் சொன்னது நீங்களா, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களா?

ஜஹீருன்னிசாவுக்குச் சொன்னது அவள் அக்கா. ஆம்பூரில் நிக்காஹ் நடந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. திரைக்கு அந்தப் பக்கம் நின்று மூன்று தடவை கேட்டார்கள். குனிந்த தலை நிமிரவே இல்லை. மூன்றாம் தடவை, அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த அக்தரி பேகம்தான் "சம்மதம்" என்றாள். உடனே வெளியே துவா ஓதினார்கள். வெட்கப்படுகிற பெண்ணுக்காகப் பக்கத்தில் இருப்பவள் சொல்வது அவர்கள் குடும்பத்தில் வழக்கம். யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. ஜஹீருன்னிசாவும் பதின்மூன்று வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"என்னைக் கட்டிக் கொடுத்தது அப்பா இல்ல, எங்க ஆபாதான்" என்று அக்காவைச் சொல்வாள்.

பிள்ளை இல்லை என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறை. புருஷன் நயீம் அகமதுவுக்குத் தோல் வியாபாரம். எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு நிற்காமல் ரத்தம் போய், நினைவு தப்பி, வேலூருக்கு வண்டி கட்டித் தூக்கி வந்ததும், வயிற்றில் இருந்த கட்டியை எடுத்துப் பிழைக்க வைத்ததும் இந்தக் கதையை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். அதே ஆஸ்பத்திரிக்கு இப்போது அவள் அக்காவுக்குத் துணையாக வந்திருக்கிறாள்.

பாலாற்றுப் பாலத்துக்குப் போகிற சாலையில் பன்னிரண்டு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி அது. ஒரே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. துரைசானி அம்மா என்பார்கள். ஆண்கள் கண்ணில் படாத கோஷா வீட்டுப் பெண்களுக்கு ஓரமாகத் தனி அறை. அறை வாசலில் பச்சைத் திரை.

அக்தரி ஆறு பிள்ளை பெற்றவள். கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் கர்ப்பப்பை தளர்ந்து அடி இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் நின்றால் உள்ளே இருப்பதெல்லாம் கீழே விழப் போவது போலக் கனக்கும். தும்மினால் துணி நனையும். தொழுகைக்கு ஒளு செய்துகொண்டு நிற்பாள். குனிந்தால் ஒளு முறிந்துவிடும். மறுபடி போய்க் கை கால் கழுவிக்கொண்டு வருவாள். ஒரு பகல் தொழுகைக்கு மூன்று தடவை. ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்கிற வரைக்கும், நாலு வருஷமாக இது புருஷனுக்குத் தெரியாது, மருமகளுக்குத் தெரியாது. தங்கச்சிக்கு மட்டும் தெரியும். அந்தத் துணிகளை யார் கண்ணிலும் படாமல் அலசிப் போட்டவள் ஜஹீருன்னிசாதான்.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் காலையில் அக்தரிக்கு ஆபரேஷன்.

"ஆபா, ராத்திரி பூரா நீ குறட்டை விட்ட. எதிர் வார்டுல இருக்கிற அம்மா, ரயில் வந்துடுச்சின்னு மூட்டைய கட்டிட்டாங்களாம்."

"சிரிக்க வைக்காதடி" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள் அக்தரி. "மடிச்ச துணி ஒண்ணுதான் பாக்கி இருக்குது."

ஜஹீருன்னிசா சிரித்துக்கொண்டே பையிலிருந்து சின்னப் பீங்கான் ஜாடியை எடுத்தாள். பேரணாம்பட்டு ஹக்கீமின் லேகியம். ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு மாதத் தூரம் வரவில்லை. உடம்பு தேறினால் வந்துவிடும், வந்தால் பிள்ளையும் நிற்கும் என்று நயீம் அகமது வாங்கி வந்து கொடுப்பது. காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு. வேப்பங்கொட்டையை மென்றது போலக் கசக்கும். எட்டு மாதத்தில் ஒரு வேளைகூட அவள் விட்டதில்லை.

ஜாடியின் அடியைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"தீந்து போச்சு. இன்னிக்குப் பிறை பாப்பாங்க இல்ல? நாளைக்கு அவரு புதுசு வாங்கியாந்துடுவாரு. பிறை பாத்த மறுநாள் தப்பவே மாட்டாரு. மெட்ராஸுக்குச் சரக்கு காட்டப் போனவரு, இன்னிக்கு ஊருக்குப் போய்ட்டு காலைல இங்கதான் வர்றாரு."

அக்தரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தண்ணி குடி. கசப்பு போவட்டும்" என்றாள்.

ஒன்பது மணிக்குத் துரைசானி அம்மா வந்தார். கூடவே நர்ஸ் சவுரியம்மாள். டாக்டரம்மாவுக்குத் தமிழ் கேட்டால் புரியும். பேசினால் பாதிதான் வரும். அதனால் பேச்சு முழுக்கச் சவுரியம்மாளுடையது. ராணிப்பேட்டைக்காரி. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து இடுப்பில் இருந்த சுருக்குப் பையை எடுத்து, வெற்றிலை பாக்கை மேஜையில் கொட்டிவிட்டு, பையைத் தலைகீழாகப் பிடித்தாள்.

"பாருங்க பீபி அம்மா. இதான் கர்ப்பப்பைன்னு வெச்சுக்குங்க. மேல பை. கீழ சுருக்கு இருக்குதே, இது வாய். இதுக்கு முன்னால மூத்திரப்பை, பின்னால மலக்குடல். ஒரே வீட்ல மூணு குடித்தனம். நடு வீட்ட காலி பண்ணா ரெண்டு பக்கத்துச் சுவரும் இன்னா ஆவும்னு பாத்துதான் பண்ணணும். அதுக்கோசரம்தான் டாக்டரம்மா உங்ககிட்ட எல்லாத்தையும் விவரமா சொல்லச் சொல்றாங்க."

அக்தரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஜஹீருன்னிசா ஆர்வமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அக்காவுக்குப் பிறகு எல்லாவற்றையும் மெதுவாகச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியவள் அவள்தானே.

"எடுக்கிறதுல மூணு மாதிரி இருக்குது. மொதல் மாதிரி, வயித்தக் கீறி மேல இருக்கிற பைய மட்டும் எடுத்துட்டு, வாயை உள்ளாறவே விட்டுத் தெச்சிடறது. சீக்கிரம் முடியும். ரத்தம் கம்மி. மூத்திரப்பை பக்கம் ஜாஸ்தி கை வெக்க வேணாம். உங்க தங்கச்சிக்குச் செஞ்சது இதான். அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல, பாருங்க. ஆனா உங்களுக்கு வாயே கீழ எறங்கிட்டு இருக்குது. இந்த மாதிரி பிரயோஜனப்படாது."

தலையாட்டிக்கொண்டே கேட்ட ஜஹீருன்னிசா, ஒரு கணம் கழித்துத்தான் தலையாட்டுவதை நிறுத்தினாள்.

"எனக்குச் செஞ்சது கட்டி எடுக்கிற ஆபரேஷன்" என்றாள்.

"கட்டியோடதான பையும் போச்சு."

சவுரியம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ஜஹீருன்னிசாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அக்தரியைப் பார்த்தாள். அக்தரி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். துரைசானி அம்மா இங்கிலீஷில் ஏதோ கேட்டார். சவுரியம்மாள் கையில் இருந்த சுருக்குப் பையை மெல்ல மடியில் வைத்தாள்.

திரைக்கு வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"நர்ஸம்மா" என்றாள் ஜஹீருன்னிசா. அவள் குரல் அவளுக்கே எங்கிருந்தோ கேட்டது. "மூணாம் மாசம் எனக்குக் கொஞ்சம் பட்டுது. அஞ்சாம் மாசமும் பட்டுது. ரெண்டு நாள். அது தூரம் இல்லியா?"

"இல்ல பீபி." சவுரியம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "வாயை விட்டு வெச்சாங்க இல்ல, அதுக்கு மேல துளி சதை ஒட்டிட்டு இருந்தா அப்பிடி மாசத்துக்கு ஒரு சொட்டு ரெண்டு சொட்டு படும். அது தூரம் இல்ல."

"புள்ள?"

சவுரியம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

மூன்றாம் மாதம் அந்தக் கறையைப் பார்த்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் நாலு வீடு தாண்டி ஓடி அக்தரியிடம் போய்ச் சொன்னாள் ஜஹீருன்னிசா. அக்தரி அவளைக் கட்டிக்கொண்டாள். "அல்லா கண் திறந்துட்டான்டி" என்றாள். அன்று சாயங்காலம் அக்தரி வீட்டில் சேமியா காய்ச்சி எல்லாருக்கும் கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்ட தன் புருஷன் சர்தார் பாஷாவிடம், "சும்மாதான், ஆசையா இருந்துச்சி" என்று அக்கா சொன்ன பொய்க்கு, தங்கச்சி வாய்க்குள் சிரித்துக்கொண்டாள்.

துரைசானி அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெரிந்த தமிழில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"நான் கேட்டேன். புருஷன்கிட்ட சொன்னேன். அக்காகிட்ட சொன்னேன், தங்கச்சிக்கு உங்க பாஷையில் சொல்லுன்னு. குமாஸ்தா வெளியில் நின்னு பேர் சொல்லிக் கேட்டார். திரைக்கு உள்ளே பொம்பளைக் குரல் 'சம்மதம்' சொன்னது."

"அந்தக் குரல் என்னோடது இல்ல அம்மா. நான் அப்போ அரை மயக்கத்துல கெடந்தேன்."

டாக்டரம்மாவின் வெள்ளை முகம் சிவந்துபோனது. அக்தரியை ஒரு தடவை பார்த்தார். எழுந்திருக்கப் போனார்.

"போவாதீங்க" என்றாள் ஜஹீருன்னிசா. "நர்ஸம்மா, மத்த ரெண்டு மாதிரியும் சொல்லுங்க."

"அப்புறமா சொல்றேன் பீபி. இப்போ—"

"இப்பவே சொல்லுங்க. எனக்குச் செஞ்சது இன்னா, செய்யாதது இன்னான்னு நான் தெரிஞ்சிக்கணும்."

சவுரியம்மாள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். சுருக்குப் பை மறுபடி தலைகீழாக மேலே வந்தது. முன்பிருந்த கலகலப்பு இல்லை.

"ரெண்டாவது, வயித்து வழியாவே பை, வாய் எல்லாத்தையும் எடுத்துடறது. அதுக்கு மூத்திரப்பைய வாயிலேருந்து பிரிச்சு ஒதுக்கணும். வேலை ஜாஸ்தி, ஆபத்தும் ஜாஸ்தி. பக்கத்துல ஓடுற மூத்திரக்குழாய்ல கை பட்டா பேஜாராயிடும். கொஞ்ச நாள் மூத்திரம் சரியா பிரியாது. ஆனா வாயே இல்லாததால அதுல பின்னால புத்து மாதிரி கெட்ட வியாதி வர்ற பயம் இல்ல. மூணாவது, வயித்துல கத்தியே வெக்காம கீழ் வழியாவே எடுக்கிறது. எறங்கிப் போனவங்களுக்கு இதான் சரி. எடுத்துட்டு, தளந்து கெடக்கிற முன்சுவரு பின்சுவரு ரெண்டயும் இழுத்துத் தெப்பாங்க. ஒரு வாரம் ரப்பர் குழாய் வெச்சுதான் மூத்திரம் எடுக்கணும். அப்புறம் கனம் போயிடும், துணி நனையறது முக்காவாசி நின்னுடும். ஜாஸ்தி இழுத்துத் தெச்சிட்டா புருஷன்கூட சேர்றப்போ வலிக்கும். தண்ணிக் குடம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது. தூக்கினா தெச்சது மறுபடி எறங்கும். ஆபரேஷனே வேணாம்னா உள்ள ஒரு வளையம் வெச்சுத் தாங்கலாம். அதைக் கழுவிக் கழுவி மாத்தணும்."

"வாயை விட்டா கெட்ட வியாதி வருமா?"

"எல்லாருக்கும் வராது. ஆனா ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டிட்டுப் போவணும். அப்பவே சொல்லித்தான அனுப்பிச்சோம். ரத்தம் பட்டுதுன்னா உடனே வரணும்னும் சொன்னோம். நீங்க வரவே இல்லியே."

ஜஹீருன்னிசா அக்காவைப் பார்த்தாள். அக்தரி அப்போதும் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு அறையில் இரண்டு பேர்தான். மத்தியானக் கஞ்சி வந்தது. மூடி திறக்காமலே ஆறியது.

"என்கூடப் பேசு ஜஹீரா" என்றாள் அக்தரி.

"நீ பேசு. என் வாயால பேசறதுதான் உனக்குப் பழக்கமாச்சே."

அக்தரிக்கு அழுகை வந்தது. அழுதால் துணி நனையும் என்று அடக்கிக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்தாள்.

"அன்னிக்கு உன் மூஞ்சிய நீ பாக்கல. சுண்ணாம்புக் குழியிலேருந்து எடுத்த தோல் மாதிரி வெளுத்துட்டு இருந்த. கட்டிய மட்டும் பிச்சு எடுக்க முடியாது, பையோட எடுத்தாதான் ரத்தம் நிக்கும், இல்லன்னா ராத்திரி தாண்டாதுன்னு துரைசானி அம்மா சொன்னாங்க. உன்கிட்ட கேட்டிருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப? வேணாம்னு சொல்லியிருப்ப. புள்ள புள்ளன்னு செத்துப் போயிருப்ப. குமாஸ்தா கேட்டான். நான் சொல்லிட்டேன். மறுபடி கேட்டாலும் சொல்வேன்."

"சரி ஆபா. உசுர காப்பாத்தின. அதுக்கு நான் கோபப்படல. அப்புறம்?"

"அப்புறம் இன்னா?"

"பொழச்சு எழுந்து உக்காந்தேனே, அதுக்கப்புறம். எட்டு மாசம். டெய்லி உன் வீட்டுக்கு வந்தேன். தூரம் வரலன்னு அழுதேன். கறை பட்டுதுன்னு ஓடி வந்தேன். நீ சேமியா காச்சின."

அக்தரி முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியுமா?" இந்தக் கேள்வியை ஜஹீருன்னிசா காலையிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். தெரியாது என்று அக்கா சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. பொய் சொல்லாத ஒரு ஆளாவது மிஞ்சுவார்.

"காயிதத்துல கையெழுத்துப் போட்டதே அவருதான்டி."

"லேகியம்?"

"நீ தெனம் அழுத. பாக்க முடியல. கையில ஏதாச்சும் கொடுத்தா மனசு ஆறும்னு... ஹக்கீம்கிட்ட உடம்பு தேறுற மருந்துன்னு கேட்டுத்தான் வாங்கினாரு. கெடுதல் ஒண்ணும் இல்ல அதுல."

"யாரு யோசனை?"

அக்தரி கட்டில் கம்பியை விட்டாள்.

"என்னோடதுதான்."

"ஆறு மாசத்துக்கு ஒருதரம் காட்டச் சொன்னாங்களே."

"இங்க கூட்டிட்டு வந்தா உனக்குத் தெரிஞ்சிடுமே."

ஜஹீருன்னிசா எழுந்து, காலி ஜாடியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அந்தக் கசப்பு வாசனை அவளுக்கு நயீம் அகமதுவின் வாசனையோடு சேர்ந்தது. ஆவாரம் பட்டை ஊறிய கையோடு அவர் ஜாடியைத் திறந்து, முதல் உருண்டையைத் தானே உருட்டிக் கொடுப்பார். "கண்ண மூடிட்டு முழுங்கு" என்பார். அவளும் கண்ணை மூடிக்கொண்டுதான் முழுங்கினாள். மூடியிருந்த அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசித்தாள்.

அவர்கள் திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் அன்பாக இருந்தார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

மூன்று மணிக்குத் திரைக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. குமாஸ்தா தானியேல். அவர் ஆண் என்பதால் திரைக்கு வெளியேதான் நிற்பார். சர்தார் பாஷா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அவரிடம் இருந்தது. அதோடு, நோயாளி தன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவர் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை துரைசானி அம்மா அவரோடு வெளியே நிற்கவில்லை. திரையை விலக்கி உள்ளே வந்து, கட்டிலுக்கு எதிரே நின்றார். சவுரியம்மாளும் வந்து நின்றாள்.

"எந்த மாதிரி?" என்று கேட்டார் டாக்டரம்மா. "கீழ் வழியா? வளையமா? நீங்க சொல்லணும்."

அக்தரி தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்தாள். கிட்டே இழுத்து, காதருகில் யாருக்கும் கேட்காமல் பேசினாள்.

"எனக்குப் பயமா இருக்குது. எடுத்துட்டா உள்ள ஒண்ணும் இல்லாம போயிடும்ல? அப்புறம் எங்க வீட்டுக்காரரு, உங்க துலாபாய்க்கு என்னப் பிடிக்குமா? நீ சொல்லு. உனக்கு எப்பிடி இருக்குது? உண்மையச் சொல்லு."

உண்மை. அந்த வார்த்தையை அக்தரி எப்படிச் சொன்னாள் என்று ஜஹீருன்னிசாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பொய் சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. அதை மறைக்க வேண்டாம். உள்ளே வெந்நீர் ஊற்றின மாதிரி எரியும், புருஷன் கிட்டவே வர மாட்டான் என்று ஒரு வரி சொன்னால் போதும். அக்தரி பயந்து, எழுந்து, ஆம்பூருக்கு வண்டி ஏறிவிடுவாள். சாகிற வரைக்கும் ஒரு தொழுகைக்கு மூன்று ஒளு.

"மூத்திரம் நல்லா நிக்குது" என்றாள். "கனம் இல்ல. இடுப்பு வலி ரெண்டு மாசத்துல போச்சு. அவருகூட முன்ன மாதிரிதான். வலி இல்ல. உள்ள காலியா இருக்குதுன்னு எனக்குத் தோணவே இல்ல. தோணியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே. ஆனா ஆபா, எனக்குச் செஞ்சது வேற, உனக்குச் செய்யப் போறது வேற. வலிக்குமான்னு எனக்குத் தெரியாது. அத துரைசானி அம்மாவக் கேளு. ஜாஸ்தி இழுத்துத் தெக்காதீங்கன்னு நீயே சொல்லு."

"நான் எப்பிடிடி அதச் சொல்வேன்?"

"வாயால."

வெளியே தானியேல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சர்தார் பாஷா சாயபு சம்சாரம் அக்தரி பேகம். ஆபரேஷனுக்குச் சம்மதமா?"

அக்தரி தலையைக் குனிந்துகொண்டாள். மணிக்கட்டைப் பிடித்திருந்த கை இறுகியது. "நீ சொல்லிடு" என்றாள் உதடு அசையாமல்.

"அக்தரி பேகம். சம்மதமா?"

"ஜஹீரா. சொல்லிடுடி."

பச்சைத் திரை காற்றில் உப்பி அடங்கியது. ஜஹீருன்னிசாவுக்கு வேறொரு திரை ஞாபகம் வந்தது. அதற்கு அந்தப் பக்கமும் ஒரு ஆண் குரல், மூன்று தடவை. அன்று தோளைப் பிடித்திருந்த கைதான் இன்று மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது.

"நான் சொல்ல மாட்டேன் ஆபா." மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் வெளியே நின்றவருக்கும் கேட்டது. "உன் உடம்பு. செத்தாலும் பொழச்சாலும் நீதான் சொல்லணும். சொல்ல முடியலன்னா, முடியலன்னு சொல்லு. வண்டி வெச்சு ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். உன் பேர்ல என் குரல் வராது."

அக்தரியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தக் கையை அக்காவின் மடியிலேயே வைத்தாள்.

மூன்றாம் தடவையும் தானியேல் கேட்டார்.

அக்தரி பேகம், நாற்பது வயதில், ஆறு பிள்ளைக்குத் தாய், முதல் தடவையாக முன்பின் தெரியாத ஒரு ஆணுக்குக் கேட்கும்படி பேசினாள்.

"கீழ் வழியா செய்யட்டும். சம்மதம்." அப்புறம் துரைசானி அம்மாவை நிமிர்ந்து பார்த்து, குரலை அடக்கி, "ஜாஸ்தி இழுத்துத் தெக்காதீங்கம்மா. நான் இன்னும் குடும்பம் நடத்தணும்" என்றாள்.

சவுரியம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா அக்தரியின் கையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு ஜஹீருன்னிசாவிடம் வந்தார்.

"நாளைக்கு உன்னையும் பார்க்கணும். அந்த வாயைப் பார்க்கணும். ரத்தம் பட்டது நல்லதில்லை."

"பாருங்க" என்றாள் ஜஹீருன்னிசா. "ஆனா என்கிட்ட கேட்டுட்டுப் பாருங்க. இன்னா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க. அவருகிட்ட வேணாம்."

சாயங்காலம் வராந்தாவில் சலசலப்பு. பிறை தெரிகிறது என்று பக்கத்து வார்டுப் பெண்கள் கூப்பிட்டார்கள். ஜஹீருன்னிசாவும் போய் நின்றாள். கோட்டைக்கு மேலே, வெட்டிப் போட்ட நகம் மாதிரி மெல்லிசாக இருந்தது. எல்லாரும் கை ஏந்தினார்கள். அவளும் ஏந்தினாள். எட்டு மாதமாகப் பிறை பார்த்ததும் அவள் கேட்கிற ஒரே வேண்டுதல் நாக்கு நுனி வரைக்கும் தானாக வந்தது. பாதியில் நிறுத்தினாள். அதற்குப் பதில் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கையை முகத்தில் தடவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அக்தரி விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பிறை தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"நாளைக்கு அவரு வந்தா இன்னா கேப்ப?"

ஜஹீருன்னிசா அக்காவின் போர்வையைச் சரி செய்தாள். அடியில் போட மடித்த துணி ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அக்தரி பேகத்தை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள். எட்டு மணிக்கு நயீம் அகமது வந்தார். கையில் புது ஜாடி இருந்தது. ஜஹீருன்னிசா அதை வாங்கிக்கொண்டு, இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தபடி, எத்தனை வேளை என்று கேட்டாள். எப்போதும் போல இரண்டு வேளைதான் என்றார்.